துபாய்க்கு 3 மணி நேரம், சிங்கப்பூருக்கு 7 மணி நேரமா? ஒரே தூரத்துக்கு டிக்கெட் காட்டும் இரண்டு கணக்கு

திருவண்ணாமலை,

சென்னையில் காலை 10 மணிக்கு விமானம் ஏறினால் பகல் 1 மணிக்கு துபாயில் இறங்கிவிடலாம் என்கிறது ஒரு டிக்கெட். அதே 10 மணிக்கு சிங்கப்பூர் விமானம் ஏறினால் மாலை 5 மணிக்குத்தான் போய்ச் சேரும் என்கிறது இன்னொரு டிக்கெட். ஒன்றுக்கு 3 மணி நேரம். மற்றொன்றுக்கு 7 மணி நேரம். அப்படின்னா சிங்கப்பூர் என்ன, துபாயைவிட இரண்டு மடங்கு தூரத்திலா இருக்கிறது?

இல்லை. சென்னையில் இருந்து இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒரே தூரம்தான். இரண்டுமே சுமார் 2 ஆயிரத்து 900 கிலோமீட்டர். விமானம் பறக்கும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டுக்கும் நாலரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

பிறகு ஏன் டிக்கெட்டில் இவ்வளவு வித்தியாசம்? திருவண்ணாமலை, செங்கம், போளூர், ஆரணி, வந்தவாசி பக்கம் இருந்து முதல் முறையாக வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறவர்களும், வழியனுப்பி வைக்கும் குடும்பத்தாரும் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு இது. நகையை அடகு வைத்து, கடன் வாங்கி எடுத்த டிக்கெட் ஒரு மணி நேரத் தவறில் வீணாகிவிடக் கூடாது.

டிக்கெட்டில் இரண்டு கடிகாரம்

விமான டிக்கெட்டில் புறப்படும் நேரம், போய்ச் சேரும் நேரம் என்று இரண்டு நேரம் இருக்கும். இந்த இரண்டும் ஒரே கடிகாரத்தின் நேரம் அல்ல. புறப்படும் நேரம், புறப்படுகிற ஊரின் நேரம். சேரும் நேரம், சேருகிற ஊரின் நேரம். உலகம் முழுவதும் எல்லா விமான நிறுவனங்களும் இப்படித்தான் டிக்கெட் அடிக்கின்றன.

துபாய் கடிகாரம் நம்ம ஊர் கடிகாரத்தைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. இங்கே பிற்பகல் 2.30 மணி என்றால் அங்கே பகல் 1 மணி. சிங்கப்பூர் கடிகாரமோ இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இங்கே 2.30 மணி என்றால் அங்கே மாலை 5 மணி.

இப்போது கணக்கு போட்டுப் பாருங்கள். காலை 10 மணிக்குப் புறப்பட்ட விமானம் நாலரை மணி நேரம் பறந்தால், நம்ம கடிகாரப்படி 2.30 மணி. அந்த 2.30-ஐ துபாய் கடிகாரத்தில் பார்த்தால் 1 மணி. சிங்கப்பூர் கடிகாரத்தில் பார்த்தால் 5 மணி. விமானம் பறந்தது ஒரே நேரம்தான். கடிகாரம்தான் வேறு.

திரும்பி வரும்போது இது அப்படியே தலைகீழாகும். சிங்கப்பூரில் காலை 10 மணிக்குக் கிளம்பினால் சென்னையில் 11.45 மணி அளவில் இறங்கலாம் என்று டிக்கெட் காட்டும். "அடடே, ரெண்டு மணி நேரத்துக்குள்ள வந்துட்டானே" என்று வீட்டில் ஆச்சரியப்படுவார்கள். துபாயில் 10 மணிக்குக் கிளம்பினாலோ பிற்பகல் 3.30 மணி ஆகும்.

எந்த நாட்டுக்கு எவ்வளவு வித்தியாசம்?

நம்மவர்கள் அதிகம் போகிற நாடுகளின் கணக்கு இது.

சிங்கப்பூர், மலேசியா: நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால்.

துபாய், சார்ஜா, அபுதாபி, ஓமன்: நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால்.

சவுதி அரேபியா, குவைத், கத்தார், பக்ரைன்: நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால்.

இலங்கை: வித்தியாசமே இல்லை. அங்கேயும் நம்ம நேரம்தான்.

ஒரு சுலபமான வழி உண்டு. டிக்கெட்டில் உள்ள சேரும் நேரத்தை முதலில் நம்ம ஊர் நேரமாக மாற்ற வேண்டும். வளைகுடா நாடு என்றால் வித்தியாசத்தைக் கூட்ட வேண்டும். சிங்கப்பூர், மலேசியா என்றால் கழிக்க வேண்டும். அதன் பிறகு புறப்படும் நேரத்தைக் கழித்தால் கிடைப்பதுதான் உண்மையான பயண நேரம்.

நேரம் ஏன் மாறுகிறது?

பூமி மேற்கில் இருந்து கிழக்கு நோக்கிச் சுற்றுகிறது. அதனால் கிழக்கே உள்ள ஊரில் சூரியன் முதலில் உதிக்கும். மேற்கே உள்ள ஊரில் தாமதமாக உதிக்கும். பூமியின் 360 பாகையும் சுற்றி முடிக்க 24 மணி நேரம். அதாவது ஒரு மணி நேரத்துக்கு 15 பாகை.

சென்னை சுமார் 80 பாகை கிழக்கில் இருக்கிறது. துபாய் 55. சிங்கப்பூர் 104. சென்னைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கிட்டத்தட்ட 25 பாகை. சூரியனை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டு ஊருக்கும் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள்தான் வித்தியாசம் வர வேண்டும். ஆனால் கடிகாரத்தை எங்கே வைப்பது என்பதை அந்தந்த நாட்டு அரசுதான் முடிவு செய்கிறது. சிங்கப்பூர் 1982 ஜனவரி 1 முதல் மலேசியாவோடு சேர்ந்து தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துக்கொண்டது. அதனால்தான் அங்கே வித்தியாசம் இரண்டரை மணி நேரமாக இருக்கிறது.

கிரிவலப் பாதைக்கு ஒரு நிமிடம்

பயணிகள் விமானம் உயரே போனபின் மணிக்கு 850 கிலோமீட்டர் அளவில் பறக்கும். நிமிடத்துக்கு 14 கிலோமீட்டர். அதாவது பக்தர்கள் பல மணி நேரம் நடக்கிற 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையின் தூரத்தை விமானம் ஒரே நிமிடத்தில் கடந்துவிடும். சிங்கப்பூர் வரைக்குமான தூரம் சுமார் 207 கிரிவலம்.

உயரமும் அப்படித்தான். அண்ணாமலையார் மலை 2 ஆயிரத்து 668 அடி. விமானம் பறப்பது 35 ஆயிரம் அடி அளவில். 13 மலையை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய உயரம்.

சரி, 2 ஆயிரத்து 900 கிலோமீட்டரை 850-ஆல் வகுத்தால் 3 மணி 25 நிமிடம்தானே வருகிறது, டிக்கெட்டில் ஏன் நாலரை மணி நேரம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

டிக்கெட்டில் போடுவது பறக்கும் நேரம் மட்டும் அல்ல. விமானம் நின்ற இடத்தில் இருந்து நகரத் தொடங்கியது முதல், அந்த ஊரில் போய் நிறுத்தப்படும் வரை உள்ள மொத்த நேரம். ஓடுபாதை வரை மெதுவாக ஊர்ந்து போக வேண்டும். முன்னால் உள்ள விமானங்கள் கிளம்பும் வரை வரிசையில் நிற்க வேண்டும். மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் முழு வேகம் இருக்காது. இறங்குவதற்கு இடம் கிடைக்காவிட்டால் வானத்திலேயே வட்டம் அடிக்க வேண்டும். இது எல்லாம் சேர்ந்துதான் கூடுதலாக ஒரு மணி நேரம்.

சென்னை - பெங்களூர் விமானத்தைப் பார்த்தால் இது நன்றாகப் புரியும். இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 270 கிலோமீட்டர்தான். முழு வேகத்தில் போனால் 20 நிமிடத்துக்குள் கடக்கலாம். ஆனால் டிக்கெட்டில் ஒரு மணி நேரம் அளவில் போட்டிருப்பார்கள்.

மைல் வேறு, கடல் மைல் வேறு

தூரத்திலும் ஒரு குழப்பம் வரும். இணையதளத்தில் தேடினால் ஒரு இடத்தில் 2 ஆயிரத்து 900 என்றும், ஒரு இடத்தில் ஆயிரத்து 800 என்றும், இன்னொரு இடத்தில் ஆயிரத்து 570 என்றும் இருக்கும். மூன்றும் ஒரே தூரம்தான். முதலாவது கிலோமீட்டர். இரண்டாவது மைல். மூன்றாவது கடல் மைல். விமானிகள் கணக்கு போடுவது கடல் மைலில்தான். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர்.

இது உருண்டையான பூமியின்மேல் நூல் பிடித்தது போல அளக்கும் மிகக் குறைந்த தூரம். விமானம் அப்படியே நூல் பிடித்தமாதிரி போவதில்லை. வானத்திலும் ரோடு மாதிரி வழித்தடங்கள் இருக்கின்றன. ராணுவப் பகுதி, மோசமான வானிலை என்றால் சுற்றித்தான் போக வேண்டும். அதனால் பறக்கும் தூரம் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

காற்றும் ஒரு காரணம். விமானம் பறக்கும் உயரத்தில், வட இந்தியாவுக்கும் வளைகுடாவுக்கும் மேலே, குறிப்பாக பனிக்காலத்தில், மேற்கில் இருந்து கிழக்கு நோக்கி பலத்த காற்று வீசும். துபாய் போகும்போது அது எதிர்காற்று. வரும்போது பின்காற்று. எதிர்காற்றில் சைக்கிள் மிதிப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். அதனால்தான் துபாயில் இருந்து சென்னை வரும் விமானம், போகிற விமானத்தைவிட கால் மணி, அரை மணி முன்னதாக வந்து சேர்வது உண்டு.

ஏமாற்றும் நள்ளிரவு தேதி

வெளிநாட்டு விமானங்கள் பல நள்ளிரவிலும் அதிகாலையிலும்தான் கிளம்புகின்றன. பலர் ஏமாறுவது இங்கேதான்.

டிக்கெட்டில் "15-ந்தேதி, 01.30" என்று இருந்தால், அது 14-ந்தேதி ராத்திரி தூங்காமல் போய் பிடிக்க வேண்டிய விமானம். 15-ந்தேதி பகலில் சாமி கும்பிட்டு, சொந்தக்காரர்களிடம் சொல்லிவிட்டு, ராத்திரி ஏர்போர்ட் போய் நின்றால், விமானம் முந்தின ராத்திரியே போயிருக்கும். இரவு 12 மணி தாண்டினால் அடுத்த தேதி என்பதை மறக்கக் கூடாது. 00.30 என்றால் நள்ளிரவு பன்னிரண்டரை. 12.30 என்றால் பகல் பன்னிரண்டரை.

சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் "+1" என்று இருந்தால் மறுநாள் போய்ச் சேரும் என்று அர்த்தம். அழைத்துப் போக வருகிறவர்களுக்கு அந்தத் தேதியைத்தான் சொல்ல வேண்டும்.

வானத்தில் நாலரை, ரோட்டில் நாலரை

திருவண்ணாமலையில் இருந்து மீனம்பாக்கம் விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 145 கிலோமீட்டர்தான். விமானத்துக்கு 10 நிமிட வேலை. ஆனால் செஞ்சி, திண்டிவனம், செங்கல்பட்டு வழியாக ரோட்டில் போனால் சுமார் 170 கிலோமீட்டர். பஸ்சில் 4 முதல் நாலரை மணி நேரம் பிடிக்கும். அதாவது சென்னையில் இருந்து சிங்கப்பூர் போகிற நேரம், நம்ம ஊரில் இருந்து சென்னை போகவே ஆகிவிடுகிறது.

2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறக்கப்பட்ட பிறகு, திண்டிவனம் வழியாகச் செல்லும் பஸ்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. அங்கிருந்து விமான நிலையத்துக்கு இன்னும் 15 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. மாநகர பஸ்சில் போகலாம். இல்லாவிட்டால் தாம்பரம் போய் மின்சார ரெயிலில் திரிசூலம் நிலையத்தில் இறங்கினால், எதிரிலேயே விமான நிலையம். பெட்டி, படுக்கையோடு மாறிப் போக ஒரு மணி நேரமாவது தனியாக ஒதுக்க வேண்டும்.

2024 மே மாதம் முதல் சென்னை கடற்கரை - வேலூர் கண்டோன்மென்ட் ரெயில் திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டது. ஆனால் அது வேலூர், அரக்கோணம் வழியாகச் சுற்றிப் போகும் ரெயில். திரிசூலம் பக்கம் வராது. விமானத்தைப் பிடிக்க அதை நம்பிக் கிளம்புவது சரிப்படாது.

திருச்சி விமான நிலையத்தில் இருந்தும் சிங்கப்பூர், மலேசியா, துபாய்க்கு நேரடி விமானங்கள் உண்டு. திருச்சி - சிங்கப்பூர் தூரம் சென்னையில் இருந்து போவதைவிட சுமார் 60 கிலோமீட்டர்தான் அதிகம். விமானத்துக்கு அது 4, 5 நிமிடம். தண்டராம்பட்டு, கீழ்பென்னாத்தூர் பக்கம் இருப்பவர்கள் டிக்கெட் எடுக்கும் முன் இரண்டு ஊரின் கட்டணத்தையும், ரோடு தூரத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. பெங்களூர் விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே தேவனஅள்ளியில் இருப்பதால், ஓசூர் வழியாகப் போகிறவர்கள் நெரிசல் மிகுந்த நகரத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

பவுர்ணமி அன்று டிக்கெட்டா?

திருவண்ணாமலைக்காரர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு கணக்கு இருக்கிறது. அது பவுர்ணமி கணக்கு.

மாதம்தோறும் பவுர்ணமியன்று லட்சக்கணக்கான பக்தர்கள் கிரிவலம் வருகிறார்கள். சென்னை, விழுப்புரம், வேலூர் என எல்லாப் பக்கமும் ரோட்டில் வாகனங்கள் வரிசை கட்டி நிற்கும். கார்த்திகை தீபம், சித்ரா பவுர்ணமி என்றால் சொல்லவே வேண்டாம். ஊருக்கு வெளியே தற்காலிக பஸ் நிலையங்கள் அமைக்கப்பட்டு, வெளியூர் பஸ்கள் அங்கேயே நிறுத்தப்படும். ஊருக்குள் இருப்பவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதுவரை போயாக வேண்டும். கிரிவலம் முடித்தவர்கள் கூட்டமாகத் திரும்பும் மறுநாளும் பஸ்சில் இடம் கிடைப்பது சிரமம்.

அதனால் டிக்கெட் எடுக்கும் முன் காலண்டரைப் பார்க்க வேண்டும். பவுர்ணமியைத் தவிர்க்க முடியாவிட்டால் முந்தின நாளே சென்னைக்குப் போய்விடுவது உத்தமம். லாட்ஜ் வாடகை போனால் போகிறது, விசா போனால் வராது.

மழைக்காலமும் அப்படித்தான். 2023 டிசம்பர் 4-ந்தேதி மிச்சாங் புயலின்போது ஓடுபாதையில் வெள்ளம் புகுந்து சென்னை விமான நிலையம் மூடப்பட்டது. 2024 நவம்பர் 30-ந்தேதி பெஞ்சல் புயலின்போதும் மூடப்பட்டது. அந்தப் புயல் மழையில் அடுத்தடுத்த நாட்களில் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் ரோடு போக்குவரத்தே முடங்கியது. நவம்பர், டிசம்பரில் பயணம் என்றால், கிளம்பும் முன் விமானம் உண்டா என்று கேட்பதோடு ரோடு உண்டா என்றும் விசாரிக்க வேண்டும்.

பின்னால் இருந்து கணக்கு போடுங்கள்

எத்தனை மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும் என்பதை விமான நேரத்தில் இருந்து பின்னோக்கித்தான் கணக்கிட வேண்டும்.

விமானம் 15-ந்தேதி அதிகாலை 1.30 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டு விமானத்துக்கு 3 மணி நேரம் முன்பே வரச் சொல்கிறார்கள். அப்படியானால் 14-ந்தேதி இரவு 10.30 மணிக்கு விமான நிலையத்தில் இருக்க வேண்டும். லக்கேஜ் போடும் கவுண்ட்டரை பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். விமானம் கண் முன்னால் நின்றாலும் அதன் பிறகு ஏற்றிக்கொள்ள மாட்டார்கள்.

10.30-க்கு அங்கே இருக்க, இரவு 9.15 மணிக்கு கிளாம்பாக்கம் போய்ச் சேர வேண்டும். அதற்கு திருவண்ணாமலையில் மாலை 4.45 மணிக்கு பஸ் ஏற வேண்டும். டயர் பஞ்சர், டிராபிக் ஜாம் என்று எதற்கும் ஒன்றரை மணி நேரம் கையில் வைத்தால் 3.15 மணி. கிராமத்தில் இருந்து டவுனுக்கு வர ஒரு மணி நேரம். ஆக, 14-ந்தேதி பகல் 2.15 மணிக்கு வீட்டுப் படி இறங்கியாக வேண்டும்.

வீட்டு வாசலில் இருந்து சிங்கப்பூரோ துபாயோ போய் இறங்க மொத்தம் சுமார் 16 மணி நேரம். அதில் விமானத்தில் இருப்பது நாலரை மணி நேரம் மட்டுமே.

வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 10-ம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக 'இ.சி.ஆர்.' பாஸ்போர்ட்டாக இருக்கும். இதற்கு மத்திய அரசின் குடியேற்ற அனுமதி முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும். விமான நிலைய இமிகிரேஷன் கவுண்ட்டரில் அதைக் கேட்பார்கள். 3 மணி நேரம் முன்பே வரச் சொல்வது சும்மா இல்லை.

எல்லாம் மீறி விமானத்தைத் தவறவிட்டால்? டிக்கெட் பணம் முழுசாகத் திரும்ப வராது. ஆனால் டிக்கெட்டில் சேர்த்து வாங்கிய அரசு வரிகளையும், விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும் என்பது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குனரகத்தின் விதி. ஏஜெண்டிடமோ விமான நிறுவனத்திடமோ எழுத்து மூலம் கேட்டு வாங்கலாம்.

டிக்கெட் கைக்கு வந்ததும் செய்ய வேண்டியது சுலபமான வேலைதான். வீட்டில் உள்ள காலண்டர் தாளில் விமானம் புறப்படும் தேதியையும் நேரத்தையும் எழுதி வைக்காமல், வீட்டில் இருந்து கிளம்ப வேண்டிய தேதியையும் நேரத்தையும் பெரிய எழுத்தில் எழுதி வைத்தால் போதும். வீட்டில் இருக்கிற எல்லோரும் பார்ப்பார்கள். தவறு இருந்தால் யாராவது ஒருவர் கண்ணில் பட்டுவிடும்.